புதுப் படகு கேட்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் 23 நெருங்கும்போது நமது முகநூல் பக்கங்களில் குறிஞ்சாக்கேணியின் படங்கள் மறுபடியும் வரும். துஆச் செய்கிறோம், கண் கலங்குகிறோம், யாரையாவது ஏசுகிறோம். அடுத்த நாள் வேறு தலைப்புக்குப் போய்விடுகிறோம். 2021 இல் அந்தக் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளோடு போன மிதவைப் பாதை நடு நீரில் கவிழ்ந்தது. அன்றைய தினமே ஆறு மரணங்கள். அதில் நான்கு பேர் சின்னப் பிள்ளைகள்.

குற்றம் யாருடையது என்று எழுத நான் வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நான் எழுத வந்தது, அந்தக் காலைக்கு முன்னால் போதிய சத்தத்தோடு கேட்கப்படாத ஒரு கேள்வியைப் பற்றி. பழைய பாலத்தை மூடிப் புதுப் பாலம் கட்டும் காலத்தில், மக்களை ஏற்றி இறக்கப் போகும் படகை யார் கட்டுவது? யார் சோதிப்பது? யார் பேணுவது?

விபத்து நடந்து சில நாட்களுக்குள் கடற்படை அதே இடத்தில் படகுச் சேவையைத் தொடங்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பயிற்சி பெற்ற ஆட்களோடு அவர்கள் வந்தார்கள். திருகோணமலைக் கடற்படைத் தளம் நமக்கு எவ்வளவு தூரம்? ஆக, படகும் நாட்டில் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். பாலம் மூடப்பட்ட முதல் நாளிலேயே அதைச் செய்திருக்க முடியும். இல்லாமல் இருந்தது, "இது அரசாங்கத்தின் வேலை" என்று ஒரு கோப்பில் எழுதி, அதற்கு ஓர் அதிகாரியின் பெயரையும் ஒரு தொகைப் பணத்தையும் வைத்த பொறுப்பு மட்டும்தான்.

நமக்குப் படகு புதிய விடயமில்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரைக்கும் நமது உம்மா வாப்பாமார் பாதையில்தான் கடந்தார்கள். பிரசவ வலியோடு போனவர்களும் மையித்தைக் கொண்டு வந்தவர்களும் அதில்தான் காத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் மூதூர்ப் பக்கம் போனால் இறால்குழியிலும் பாதை இருந்தது, வெருகலிலும் பாதை இருந்தது. மட்டக்களப்பில் மண்முனையிலும் குறுமண்வெளியிலும் பாதை இருந்தது. சிங்கள மக்கள் நம்மைப் பழைய காலத்தில் "மரக்கல" ஆட்கள் என்று சொன்னதே மரக்கலத்தில் வந்தவர்கள் என்பதால்தான். கப்பலின் பெயரால் அழைக்கப்பட்ட ஒரு சமூகம், தன் பிள்ளைகளை ஏற்றும் படகின் அடிப்பலகை எப்படி இருக்கிறது என்று கேட்கத் தெரியாமல் இருக்கலாமா?

இனி விடயத்துக்கு வருகிறேன். அரசியல்வாதி ஒருவர் படகு வாங்கித் தருவது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை. ரிப்பன் வெட்டலாம், மாலை போடலாம், படம் எடுக்கலாம். அந்தப் படகைப் பத்து வருடம், இருபது வருடம் உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். அதற்கு விழாவும் கிடையாது, படமும் கிடையாது. ஒரு அரச கப்பலின் வாழ்நாள் செலவைக் கணக்குப் போட்டால், கட்டும் செலவு அதில் சிறிய பங்குதான். ஓட்டவும் பேணவும் திருத்தவும் போகும் பணம் அதைவிடப் பல மடங்கு. நாம் கேட்பதும் அவர்கள் தருவதும் அந்தச் சிறிய பங்கை மட்டும்தான்.

படகுக்குப் பேணுதல் ஏன் இவ்வளவு முக்கியம்? இதை 10 ஆம், 11 ஆம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். இரும்பு, உப்புத் தண்ணீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் துரு. இதைத் தடுக்கத்தான் இரும்புப் படகின் அடியில் நாகத் துண்டுகளைப் பொருத்துவார்கள். கடல் நீர் முதலில் நாகத்தைத் தின்னும், இரும்பு தப்பும். பாடத்தில் கதோட்டுப் பாதுகாப்பு என்று நாம் எழுதிக் கொடுப்பது இதைத்தான். ஆனால் நாகம் கரைந்து முடிந்ததும் புதிதாக மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் அடுத்த நாளிலிருந்து கடல் இரும்பைத் தின்னத் தொடங்கும். மேலே நின்று பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. பெயின்ற் பளபளப்பாகத்தான் இருக்கும்.

பைபர் படகென்றால் துருப் பிடிக்காது, உண்மை. ஆனால் வெடிப்புக்குள் தண்ணீர் ஊறும், படகு பாரம் கூடும், மிதப்பு குறையும். அடியில் சிப்பியும் பாசியும் பிடித்தால் வேகம் குறையும், எரிபொருள் செலவு ஏறும். எஞ்சினிலிருந்து புரொப்பலருக்குப் போகும் தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் கசியும். அதை இறைக்கும் பம்ப் வேலை செய்யாவிட்டால் அடித்தட்டில் தண்ணீர் சேரும். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தத் தண்ணீரும் அதே பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். அதற்கு மேல் கூடுதலான ஆட்கள் நின்றுகொண்டு வந்தால் ஈர்ப்பு மையம் மேலே ஏறும். பிறகு ஒரு சின்ன அசைவு போதும். படகுகள் பொதுவாக இப்படித்தான் கவிழ்கின்றன. புயல் வரவேண்டும் என்ற அவசியமில்லை.

எனவேதான் சர்வதேச கடற்பயணங்களில் ஈடுபடும் பயணிகள் கப்பலின் அடிப்பாகம் வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதிக்கப்படவேண்டும் என்று விதி இருக்கிறது. சரக்குக் கப்பலுக்கு ஐந்து வருடத்தில் இரண்டு தடவை. மனிதன் ஏறும் கப்பலுக்கு ஏன் கூடுதல் தடவை என்று விளக்கத் தேவையில்லை. நமது களப்புகளில் ஓடும் சின்னப் படகுக்கு இந்தச் சர்வதேச விதி பொருந்தாது என்று யாராவது சொல்லலாம். விதி பொருந்தாமல் இருக்கலாம், உப்புத் தண்ணீர் பொருந்தும்.

நமது நாட்டிலேயே ஓர் உதாரணம் நெடுந்தீவு. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பாலம் போட முடியாத தூரம். அங்கே ஓடிய குமுதினிப் படகை 1985 மே 15 அன்று அதில் நடந்த படுகொலைக்காக நாடு முழுக்கத் தெரியும். அதே படகைத்தான் திருத்தித் திருத்தி அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஓட்டினார்கள். தங்கள் உறவுகளின் இரத்தம் சிந்திய படகில் ஏறித்தான் அந்தத் தீவு மக்கள் வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் போய்வந்தார்கள். வேறு வழியில்லை. 2017 இல் நெடுந்தாரகை என்ற புதுப் படகும் வந்தது. நல்ல விடயம். ஆனால் அதன் பிறகும் "படகு திருத்த வேலைக்குப் போயிருக்கிறது, மக்கள் அவதி" என்ற செய்தியை நாம் வாசித்துக்கொண்டுதான் இருந்தோம். படகு திருத்தத்துக்குப் போவது தவறே இல்லை. போகத்தான் வேண்டும். அது போகும் நாட்களில் மக்களை ஏற்ற இன்னொன்று இல்லாததுதான் தவறு.

"நம்ம நாட்டுக்கு வசதி இல்லையே ஐயா, கப்பல் கட்ட நம்மளால முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். முடியும். கொழும்பு டொக்யார்ட் 1974 இலிருந்து இயங்குகிறது. அதன் பெரிய உலர்துறையில் 125,000 தொன் வகைக் கப்பல்களை ஏற்றித் திருத்த முடியும். இந்தியாவின் லட்சத்தீவு மக்களுக்காக தலா 400 பேர் பயணம் செய்யக்கூடிய "கோரல்ஸ்", "லகூன்ஸ்" என்ற இரண்டு கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது இதே கொழும்பு டொக்யார்ட்தான். லட்சத்தீவில் இருப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற முஸ்லிம்கள். அவர்கள் கேரளாவுக்கு வைத்தியத்துக்கும் படிப்புக்கும் போக இலங்கைத் தொழிலாளியின் கையால் கட்டிய கப்பல் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், சந்தோஷம். ஆனால் நமது களப்புக்கும் நமது தீவுக்கும்?

யுத்த காலத்தில் கடற்படை வெலிசறையில் தனது சொந்தத் தளத்திலேயே சிறிய வேகப் படகுகளைக் கட்டியது. யுத்தத்தின் சரி பிழை வேறு பேச்சு. நான் சொல்வது, அரசாங்கம் அவசரம் என்று நினைத்தால் இந்த நாட்டில் படகு கட்டப்படும், திருத்தப்படும், உதிரிப்பாகம் தேடப்படும், இரவிரவாக வேலை நடக்கும். பாடசாலைப் பிள்ளைகள் ஆறு கடப்பதை யாரும் அந்த மாதிரி அவசரமாக நினைக்கவில்லை என்பதுதான் வேதனை.

இன்னொரு உதாரணம் பாருங்கள். கடற்படையிடம் இருக்கும் கஜபாகு என்ற பெரிய கப்பல் 2019 இல் இங்கே சேவையில் சேர்ந்தது. அதற்கு முன்னால் அது அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் கப்பல். 1968 இல் சேவைக்கு வந்து ஐம்பது வருடம் அங்கே ஓடியது. ஐம்பது வருடம் ஓடிய பிறகும் இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கக்கூடிய நிலையில் அது இருந்தது எப்படி? அந்தக் காவல்படை 1899 இலிருந்து பால்ரிமோரில் தனக்கென்று ஒரு கப்பல் தளத்தை வைத்திருக்கிறது. தன் கப்பலைத் தானே கட்டவும் திருத்தவும் அங்கே ஆட்கள் தலைமுறையாக வேலை செய்கிறார்கள். அமெரிக்காவின் அரசியலை நாம் ஏசலாம், ஏசவேண்டிய இடங்களும் உண்டு. ஆனால் அரச சொத்தை இப்படிப் பேணும் முறையை அவர்களிடம் படித்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அதைவிட நமக்கு நெருக்கமான ஒரு பெயர் இருக்கிறது. "எச்.எம்.எஸ். டிரிங்கோமலி". நமது மாவட்டத்தின் பெயர். 1817 இல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பல் கட்டுநர்கள் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பல். இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் நகரத்தில் தண்ணீரில் மிதந்துகொண்டு நிற்கிறது. இருநூறு வருடம் தாண்டிவிட்டது. தேக்கு நல்ல மரம் என்பதால் மட்டும் அது நிற்கவில்லை. 1990 இல் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் அதைத் திருத்தினார்கள். கெட்ட பலகையைக் கழற்றினார்கள், புதுப் பலகை வைத்தார்கள். திருகோணமலை என்ற பெயர் கொண்ட கப்பல் இருநூறு வருடம் மிதக்கிறது. திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைகள் ஏறிய மிதவை நடு நீரில் கவிழ்ந்தது.

இனி இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லவேண்டும்.

ஒன்று: "பாலம் வந்தால் படகே தேவையில்லை, பாலத்தைக் கேளுங்கள்." பாலம் கேட்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாலம் ஒரு நாளில் வருவதில்லை. ஒப்பந்தம், கேள்விப்பத்திரம், நிதி, இடையில் ஒரு தேர்தல், இடையில் ஒரு பொருளாதார நெருக்கடி. அந்த வருடங்களில் மக்கள் வீட்டிலேயே இருக்கப் போவதில்லை. வெள்ளக் காலத்தில் பாலம் இருந்தும் வீதி மூழ்கும், அப்போதும் படகுதான். மேலும், பாலத்துக்கும் இதே கதைதான். பேணாத பாலமும் பழுதாகும்.

இரண்டு: "நாடே வங்குரோத்தாகிப் போன நேரத்தில் இதற்கெல்லாம் காசு எங்கே?" இது நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு அந்தப் பக்கம் இல்லை. வீட்டுக் கூரையில் ஒரு ஓடு உடைந்தால் உடனே மாற்றும் ஏழை புத்திசாலி. மாற்றாமல் விட்டால் வளை உளுத்துக் கூரையே விழும், அதைக் கட்ட அவனிடம் காசு இருக்காது. பணக்காரன் பேணாமல் விட்டுப் புதிது வாங்கலாம். நம்மைப் போன்ற ஏழை நாட்டுக்கு அந்த ஆடம்பரம் கட்டாது. நாகத் துண்டும் பெயின்றும் எண்ணெயும் மலிவு. புதுப் படகு விலை கூட. மனித உயிருக்கு விலையே இல்லை.

ஆகவே இனிப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலோ, வாக்குக் கேட்டு வருபவரிடமோ, பள்ளிவாசல் நிர்வாகம் கடிதம் எழுதும்போதோ, "படகு தாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

1. இந்தப் படகு யாருடைய சொத்து? எந்த நிறுவனம் பொறுப்பு, எந்தப் பதவியில் இருப்பவர் கையெழுத்துப் போடுகிறார்? "சபையும் திணைக்களமும் சேர்ந்து பார்க்கும்" என்பது பதில் இல்லை. இரண்டு பேர் பார்க்கும் பிள்ளையைக் கடைசியில் யாரும் பார்ப்பதில்லை.

2. கடைசியாக எப்போது கரையேற்றி அடிப்பாகம் பார்க்கப்பட்டது? அடுத்தது எப்போது? திகதியைப் படகிலேயே எழுதி ஒட்டவேண்டும். எத்தனை பேர் ஏறலாம், எத்தனை உயிர்காப்பு அங்கி இருக்கிறது என்பதும் அதே பலகையில், தமிழிலும் சிங்களத்திலும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கும் அளவு எழுத்தில் இருக்கவேண்டும்.

3. வருடாந்த வரவு செலவில் இந்தப் படகைப் பேணுவதற்குத் தனியாக எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது? "தேவைப்படும்போது பார்ப்போம்" என்றால் ஒதுக்கவில்லை என்று அர்த்தம்.

4. இது திருத்தத்துக்குப் போகும் நாட்களில் ஓட மாற்றுப் படகு எது? ஒரே ஒரு படகை வைத்துக்கொண்டு சேவை நடத்தமுடியாது. ஒன்று ஓட, ஒன்று கரையேற வேண்டும். மாற்று இல்லாத இடத்தில் பழுதான படகையே ஓட்டச் சொல்லி எல்லோரும் நெருக்குவார்கள். முதலில் நெருக்குவது பிரயாணிகளாகிய நாமாகத்தான் இருக்கும்.

5. எங்கே, யார் திருத்துவது? இங்கேயே ஒரு சிலிப்வேயும் பயிற்சி பெற்ற நான்கு பேரும் இருந்தால் ஒரு நாளில் முடியும் வேலைக்கு, கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசிக் கேள்வியில் ஓர் ஆசிரியனாக எனக்குச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நமது ஊரில் ஓடாவிமார் இருந்தார்கள். தோணியும் வள்ளமும் கட்டினார்கள். கண்ணால் பார்த்தே மரத்தின் வளைவைச் சொல்வார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்னதும் நமது சமூகம்தான். சாதாரண தரம் எழுதிய பிள்ளை வைத்தியர், பொறியியலாளர் என்று சொன்னால் கைதட்டுகிறோம். கப்பல் வெல்டர் ஆகப்போகிறேன், கடல் எஞ்சின் படிக்கப்போகிறேன் என்றால் முகம் சுழிக்கிறோம். அதே பிள்ளை பிறகு வளைகுடாவுக்குப் போய்க் கிடைத்த வேலையைச் செய்கிறான்.

உலகத்துக்கே கப்பல் தளத்துக்குப் பெயர் கொடுத்தது நமது முன்னோர்தான். அரபியில் "தார் அஸ்ஸினாஆ" என்றால் கைத்தொழில் நடக்கும் மனை. கப்பல் கட்டிய, திருத்திய இடங்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஐரோப்பிய மொழிகளில் "ஆர்சனல்" என்று இன்று வழங்கும் சொல் அதிலிருந்து வந்தது. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டியபோது ஊரார் பரிகாசம் செய்ததை மத்ரஸாவில் எல்லோரும் படித்திருக்கிறோம். மரமும் ஆணியும் பிடித்து வேலை செய்வது ஒரு நபியே செய்த தொழில். அதை நாம் இன்றைக்கும் பரிகாசம் செய்யலாமா? இலங்கையில் சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு வழிகாட்டும்போது இந்தத் துறைகளையும் சொல்லுங்கள். வெல்டிங், பைபர் வேலை, டீசல் எஞ்சின் திருத்தம், கப்பல் மின்வேலை எல்லாமே கடலுள்ள எந்த நாட்டிலும் சோறு போடும்.

பொதுப் படகு என்பது அமானிதம். மார்க்கத்தில் அமானிதத்தின் கணக்கு அதைப் பெற்றுக்கொண்ட நாளோடு முடிவதில்லை. அதை எப்படி வைத்திருந்தோம், எப்படித் திருப்பிக் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி. அரசாங்கத்திடம் இருக்கும் ஒவ்வொரு படகும் அப்படித்தான். அதில் ஏறும் பிள்ளையும் அப்படித்தான்.

இந்தப் பதிவைப் பகிர்வதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் பக்கத்தில் களப்போ ஆறோ கடலோ கடக்கும் படகு ஓடினால், அடுத்த தடவை ஏறும்போது அதில் எத்தனை பேருக்கு இடம், கடைசியாக எப்போது கரையேற்றினார்கள் என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் சபை உறுப்பினரிடமும் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதில் தேடுவார்கள். நூறு பேர் கேட்டால் படகைக் கரையேற்றுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பிள்ளைகளுக்கும், அவர்களோடு போன மற்றவர்களுக்கும் அல்லாஹ் ஜன்னத்துல் பிர்தௌஸை வழங்குவானாக. வஸ்ஸலாம்.